கையெழுத்துக்கு முன் நான்கரை மணி நேரம்

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் கூடார வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தோம். ஒப்படைப்புக்கு 45 நிமிடம் ஒதுக்கியிருப்பதாக விற்பனையகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த நேரத்துக்குள் வண்டியைச் சுற்றிக் காட்டுவார்கள், கூடாரத்தை ஒரு முறை விரித்து மடிப்பார்கள், மீதிப் பணத்தைக் கட்டிக் கையெழுத்துப் போட்டதும் சிவப்பு ரிப்பனுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். நான் தொலைபேசியில் அழைத்து, அரை நாள் வேண்டும், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் வேண்டும், எடைமேடைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "செவ்வாய்க்கிழமை வாருங்கள், அன்றைக்குக் கூட்டம் இருக்காது" என்றார்கள்.

மெல்பர்னுக்கு வடக்கே காம்ப்பெல்ஃபீல்டில், ஹியூம் நெடுஞ்சாலையை ஒட்டி, கேரவன் (காரில் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) செய்பவர்களும் விற்பவர்களும் வரிசையாக இருக்கிறார்கள். அங்கேதான் எங்கள் வண்டியும் நின்றது. நாங்கள் வாங்கியது கேரவன் இல்லை, முன்பக்கமாக மடியும் கேம்பர் டிரெய்லர். மடித்து வைத்திருக்கும்போது பார்த்தால் சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. மேல்மூடியை விஞ்சு சுற்றித் திறந்தால் அது அப்படியே முன்னால் புரண்டு, காரோடு இணைக்கும் முன்சட்டத்தின் மேல் படுத்துக்கொள்ளும். அதுதான் கட்டில். அதோடு சேர்ந்து கித்தான் கூடாரமும் எழுந்து நிற்கும். பக்கவாட்டில் ஒரு தட்டை இழுத்தால் அடுப்பும் தொட்டியுமாகச் சமையலறை வெளியே வரும். 140 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு எரிவாயு சிலிண்டர், இரண்டு லித்தியம் பேட்டரி, மேலே 200 வாட் சூரியத் தகடு.

"புது வண்டிதானே, எதற்கு இத்தனை சோதனை?" என்று திருச்சியிலிருந்து மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கார் வரும் வழி வேறு, இது வரும் வழி வேறு. ஒரே மாதிரிக் கார் இலட்சக்கணக்கில் வெளியே வருகிறது. அதில் ஒரு தவறு இருந்தால் எங்கோ யாரோ நமக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார். டிரெய்லரைப் பெரும்பாலும் கையால் சேர்க்கிறார்கள். வெல்டிங் ஒருவர், மின்கம்பி இன்னொருவர், தண்ணீர்க் குழாய் மூன்றாமவர். மூவரும் கெட்டிக்காரர்களாகவே இருந்தாலும் முழு வண்டியையும் ஓட்டிப் பார்க்கும் நான்காமவர் பல நேரங்களில் வாங்குபவர்தான். புதுக் கேரவன் வாங்கியவர்கள் படும் பாட்டைப் பற்றி ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2022-இல் தனி அறிக்கையே வெளியிட்டது. சட்டமும் நம் பக்கம்தான். பெரிய குறை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், மாற்று வண்டி கேட்கலாம். எந்தக் கையெழுத்தாலும் அந்த உரிமை போய்விடாது. ஆனால் உரிமை என்னை ஈஸ்டர் விடுமுறைக்கு முங்கோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போகாது. என் நண்பர் ஒருவர் தன் புது டிரெய்லரை வாங்கிய மாதமே பட்டறையில் விட்டுவிட்டு, பள்ளி விடுமுறை முழுவதும் தொலைபேசியும் கையுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மீதிப் பணம் நம் கையில் இருக்கும்வரை பட்டறையில் நம் வண்டிக்கு முதல் இடம். கட்டிவிட்டால் வரிசையில் கடைசி இடம்.

கொண்டுபோன சாமான்கள்: டார்ச், மல்டிமீட்டர், டயர் காற்றழுத்தமானி, டார்க் ஸ்பானர் (நட்டு குறித்த அளவுக்கு இறுகியதும் 'கிளிக்' என்று சொல்லும்), ஜாக்கி, சோப்புத் தண்ணீர் நிரப்பிய தெளிப்பான், விரல் அகலத்துக்கு வெட்டிய காகிதக் கீற்றுகள், படுத்துக்கொள்ள ஒரு பழைய பாய், டிஷ்யூ காகிதம், ஒரு சுருள் நீல ஒட்டுநாடா. நாடாதான் அன்றைய நாயகன். எங்கே குறை கண்டாலும் அங்கே ஒரு துண்டு ஒட்டி எண் போட்டுவிட வேண்டும். நோட்டில் அதே எண்ணில் குறிப்பு. நோட்டு என் மனைவியின் பொறுப்பு. குறையைச் சொல்லும்போது நான் குழைந்துவிடுவேன், அவள் குழையமாட்டாள்.

முதலில் காகிதங்கள். தகட்டில் இருக்கும் 17 எழுத்து அடையாள எண், சட்டகத்தில் பொறித்த எண், ஒப்பந்தத்தில் இருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தன. அதே தகட்டில் வெற்று எடை 1580 கிலோ என்றும், சுமையோடு அதிகபட்சம் 2200 கிலோ என்றும் இருந்தது. 620 கிலோ ஏற்றலாம் என்று கணக்கு. இந்தக் கணக்குக்கு மதியம் திரும்பி வருகிறேன்.

அடுத்து பாயை விரித்துக் கீழே புகுந்தேன். விற்பனையாளர் இளைஞர், நல்ல பையன். ஆனால் வாங்குபவர் வண்டிக்கு அடியில் படுப்பதை இதற்கு முன் பார்த்திராதவர்போல அவர் காலணிகள் இரண்டும் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தன. வெல்டிங் நன்றாகவே இருந்தது. பெயிண்டுக்குக் கீழே பிசிறு தட்டிய ஓரிரண்டு இடங்கள் மட்டும். அதற்கெல்லாம் நாடாவை வீணாக்கக் கூடாது. ஆனால் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் மின்கம்பி, அதிர்வு தாங்கியின் உடம்பைத் தொட்டபடி தொங்கியது. நிற்கும் வண்டியில் இதனால் ஒன்றும் ஆகாது. முங்கோவுக்குப் போகும் வழியில், மில்டுராவைத் தாண்டியதும் வரும் மண்சாலையில், நெளிநெளியான தடத்தில் நூறு கிலோமீட்டர் உரசினால் மேலுறை கழன்று தாமிரம் தெரியும். முதல் நாடா.

சக்கரங்களில் ஆண்டைப் பார்க்க வேண்டும். டயர் விளிம்பில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஓடும் டயர்களில் 3124, அதாவது 2024-இன் 31-ஆவது வாரம். ஸ்டெப்னியில் 0822. இரண்டரை வருடம் மூத்தது, எங்கோ கிடங்கின் மூலையில் கிடந்திருக்கிறது. இரண்டாவது நாடா. பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடினால் பேரிங் தளர்வு. ஆடவில்லை. சுற்றிவிட்டால் சீராகச் சுற்றியது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே மனைவி முன்னால் போய், இணைப்பு அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் ஊசியை உருவினாள். சக்கரம் டக்கென்று நின்றது. 2000 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு இந்த ஏற்பாடு கட்டாயம். ஊசி உருவியதிலிருந்து குறைந்தது 15 நிமிடம் பிரேக் பிடித்தபடி இருக்கவும் வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தோம். 15 நிமிடம் கழித்தும் சக்கரம் அசையவில்லை.

மின்சாரம்தான் எனக்குப் பயம். டாண்டினாங்கில் வாகன மின்வேலைப் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தன் பட்டறையிலேயே நிற்கவைத்து எனக்குப் பாடம் எடுத்திருந்தார். "தம்பி, வெளிச்சம் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடாதே. வெளிச்சம் எப்படியும் எரியும். ஆண்டர்சன் பிளக்கைப் பார்." ஓடும்போது காரிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு மின்னேற்றம் கொடுக்கும் தடித்த சாம்பல் நிற பிளக் அது. ஆண் பெண் என்று வேறுபாடு கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே வடிவம். கூடு மீது கூட்டல் குறியும் கழித்தல் குறியும் பொறித்திருக்கும். கம்பியை உள்ளே செருகுபவர் மாற்றிச் செருகினாலும் பிளக் அழகாகப் பொருந்திவிடும்.

பேட்டரிச் சுவிட்சை அணைத்தேன். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்துக்குத் திருப்பி (இரண்டு முனைக்கும் நடுவில் மின்பாதை இருந்தால் கூவும்), ஒரு முனையைச் சட்டகத்தில் பெயிண்ட் இல்லாத போல்ட் தலையில் வைத்தேன். சட்டகம் கழித்தல் பக்கத்தோடு சேர்ந்தது என்பதால், மறுமுனையைப் பிளக்கின் கழித்தல் பக்கத்தில் வைத்தால் மீட்டர் கூவ வேண்டும். கூவவில்லை. முனை சரியாகத் தொடவில்லை என்று நினைத்து, அழுத்தி இன்னொரு முறை வைத்தேன். அமைதி. கூட்டல் பக்கத்துக்கு மாற்றினேன். பீ என்று ஒரே நீளமாகக் கூவியது.

என் கை சரியாக இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். அண்ணரைக் காணொளியில் அழைத்தேன். அவர் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "கூட்டலில் கூவுகிறதா? காரில் செருகிவிடாதே, சட்டகத்துக்கே கூட்டலைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்" என்றார். காருடைய பேட்டரிக் கூட்டல் நேராக டிரெய்லர் இரும்புக்குப் போயிருக்கும். அந்த இரும்பு, டோ பால் (டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டு) வழியாகக் காரோடு சேர்ந்துதான் இருக்கிறது. நல்ல ஷார்ட். காரில் இதற்கென்று வைத்திருக்கும் 50 ஆம்பியர் பிரேக்கர் விழுந்து காப்பாற்றியிருக்கும் என்று நம்பலாம். நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை.

விற்பனையகத்தின் மின்தொழிலாளி வந்தார். அவர் முதலில் நம்பவில்லை. தன் மீட்டரைக் கொண்டுவந்து தானே வைத்துப் பார்த்தார். அதே கூவல். வாக்குவாதம் எதுவும் செய்யாமல் பிளக்கைக் கழற்றி, இரண்டு முனைகளையும் மாற்றிச் செருகி, 20 நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். போகும்போது வரிசையில் நின்ற இன்னும் இரண்டு வண்டிகளின் பிளக்கையும் கையோடு பார்த்துக்கொண்டு போனார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

240 வோல்ட் பக்கம் சீக்கிரம் முடிந்தது. வெளி இணைப்பைச் செருகி, மின்கசிவுப் பாதுகாப்புச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும், விழுந்தது. விளக்குகள், இன்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் எரிந்தன. விற்பனையகத்தின் நிரம்பிய சிலிண்டர் ஒன்றை மாட்டித் திறந்துவிட்டு, எரிவாயு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம், ஒரு குமிழிகூட இல்லை. சிலிண்டர்களின் கழுத்தில் பொறித்திருக்கும் சோதனை நாள் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், இருந்தது. சான்றிதழை ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

தண்ணீரில்தான் அன்றைய துப்பறியும் வேலை. தொட்டியை நிரப்பி, மோட்டாரைப் போட்டு, குழாய்களில் காற்று போகும்வரை ஓடவிட்டு, எல்லாவற்றையும் மூடினோம். மூடியதும் மோட்டார் அழுத்தம் ஏற்றி, தானே நின்றுவிட வேண்டும். நின்றது. அப்படியே சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கச் சொன்னது மனைவிதான். வீட்டில் மேல்தொட்டி மோட்டாரோடு பல வருடம் மல்லுக்கட்டிய அனுபவம். சமையலறைத் தட்டு வெளியே இழுத்தபடி இருந்தது. பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. தட்டை உள்ளே தள்ளி மூடினோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பெட்டிக்குள்ளிருந்து 'டர்ர்' என்று ஒரு விநாடி உறுமல். எங்களை ஒருவரை ஒருவர் பார்க்க வைத்தது அது. மீண்டும் மௌனம். மீண்டும் 'டர்ர்'. குழாய் எதுவும் திறக்கவில்லை. ஆனாலும் அழுத்தம் எங்கேயோ இறங்குகிறது.

தட்டை இழுத்தால் உறுமல் நிற்கிறது, தள்ளினால் தொடங்குகிறது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பக்கத்துக் கதவு வழியாகக் கையை நுழைத்து, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தேன். மூன்றாவது எல்போவில் (குழாய் வளையும் இடத்து இணைப்பில்) காகிதத்தின் நுனி நனைந்து வந்தது. தட்டு உள்ளே போகும்போது நெகிழ்குழாய் மடங்கி அந்த எல்போவை ஒரு பக்கமாக இழுக்கிறது. குழாயின் முனையைச் சாய்வாக வெட்டியிருந்ததால் ஒரு பக்கம் முழுதாக உள்ளே போய் உட்காரவில்லை. நேராக இருந்தால் பிடிக்கிறது, இழுத்தால் கசிகிறது. பட்டறையில் தண்ணீர்ச் சோதனை செய்திருக்கிறார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அடுப்பும் குழாயும் கண்ணுக்குத் தெரியும்படி தட்டை வெளியே இழுத்து வைத்துச் செய்திருப்பார்கள். வண்டியோ பயணம் முழுவதும் தட்டை மூடிக்கொண்டுதான் ஓடும். கீழே இருப்பது ஒட்டுப்பலகை. ஒரு வாரம் சொட்டினால் ஊறி உப்பிவிடும். மூன்றாவது நாடா ஒட்ட இடமில்லாமல் கதவின் மேலேயே ஒட்டினோம்.

கித்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுவதும் எளிது, வீணாகச் சண்டை போடுவதும் எளிது. புதுக் கித்தானில் தையல் ஊசி போன துளைகள் இருக்கும். முதல் முறை நனைத்தால் தையலோரம் முத்து முத்தாகச் சொட்டத்தான் செய்யும். நூலும் துணியும் தண்ணீர் குடித்து உப்பி, காய்ந்து, மறுபடி நனைந்து, இரண்டு மூன்று முறை இப்படி ஆனபிறகு துளைகள் அடைபட்டுவிடும். அதை வீட்டு வாசலில் நாமே செய்துகொள்ளலாம். பிள்ளைகளிடம் குழாயைக் கொடுத்தால் அவர்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார்கள். ஈரம் முழுதாகக் காயாமல் மட்டும் மடித்துவிடக் கூடாது, பூஞ்சை பிடித்துவிடும். ஆக, தையலோரச் சொட்டைக் குறை என்று எழுதவில்லை. ஆனால் "நனைத்துக் காயவைத்தால் சரியாகிவிடும்" என்ற அந்த ஒரே பதிலை எல்லா ஓட்டைக்கும் சொல்லிவிடுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் உள்ளே போய், ஜிப் எல்லாம் மூடிக்கொண்டு, கண் பழகும்வரை நின்றேன். வலப்பக்கச் சன்னல் மறைப்பின் மேல்விளிம்பில் ஒரு வெளிச்சக் கீற்று. நாலு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தையலே ஓடவில்லை. இயந்திரம் துணியைத் தவறவிட்டிருக்கிறது. இந்த ஓட்டை எத்தனை முறை நனைத்தாலும் அடைபடாது.

தூசிக்குக் காகிதக் கீற்று. கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் கீற்றை வைத்து மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் ரப்பர் அழுந்துகிறது. முன்பெட்டிக் கதவின் கீழ்மூலையில் கீற்று வெண்ணெயில் கத்தி போனதுபோல வழுக்கி வந்தது. தாழ்ப்பாளை இரண்டு மரை முன்னே தள்ளியதும் பிடித்துக்கொண்டது. இதை நானே செய்துவிட்டேன்.

மதியம் எடைமேடை. விற்பனையகத்தின் பிக்கப்பில் கட்டி, தொட்டி காலி, சிலிண்டர் காலி என்று உறுதிசெய்துகொண்டு போனோம். டிரெய்லரைக் கழற்றி மேடையில் தனியாக நிறுத்தினால் 1680 கிலோ. தகட்டைவிட 100 கிலோ அதிகம். இளைஞர் மேடையைச் சந்தேகமாகப் பார்த்தார். மேடை மேல் தவறில்லை. தகட்டில் இருப்பது அடிப்படை வண்டியின் எடை. அதற்குப் பிறகு நாங்கள் கேட்டதால் சேர்த்த பக்கப் பந்தல், இரண்டாவது பேட்டரி, மிதிவண்டி தாங்கி, முன்பெட்டிக்குள் குளிர்பெட்டிச் சறுக்குத் தட்டு எல்லாம் கணக்கில் வரவேயில்லை. 620 கிலோ என்று நினைத்திருந்தது 520 ஆனது. தண்ணீருக்கு 140 போனால் 380. அதில் நிரம்பிய சிலிண்டர், குளிர்பெட்டி, இரண்டு டீசல் கேன், படுக்கை, பாத்திரம், நான்கு பேர் துணிமணி. மனைவி நோட்டில் கூட்டிக்கொண்டே போய், "மிதிவண்டி வேண்டாம்" என்று ஒரே கோட்டில் அடித்தாள். பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

டோ பால் மேல் விழும் எடையையும் அங்கேயே அளந்தோம்: 170 கிலோ. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற வாய்ப்பாட்டுக்குள் வந்தது. இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் காரின் பின்பக்கம் குந்திக்கொள்ளும். எடைச் சீட்டின் ஒரு பிரதியை ஒப்பந்தத்தோடு இணைத்து, "ஒப்படைக்கும்போது உண்மை எடை 1680" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அன்றைக்கு நான் பார்த்த ஒரே கையெழுத்து அவர்களுடையதுதான்.

திரும்பிவந்து வண்டியைச் சுற்றி நின்று பார்த்தபோது மொத்தம் ஒன்பது நீல நாடாக்கள். பெரும்பாலானவை திருகு தளர்வு, விளிம்பில் கீறல் என்று சில்லறை விவகாரம். மேலாளர் பட்டியலை வாங்கிப் படித்தார். கோபித்துக்கொள்ளவில்லை, ஸ்டெப்னியை மாற்றித் தருவதாகவும், சன்னல் தையலை வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பதாகவும் சொன்னார். பணம் கட்டாமல், படம் எடுக்காமல் வெறும் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். டிரெய்லர் எங்கே என்ற கேள்விக்கு அன்று மாலை என்னிடம் இருந்த ஒரே பதில் பீட்சா.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாடாவாக உரித்தோம். மீட்டரை எடுத்துக் கழித்தல் பக்கத்தில் வைத்தேன், கூவியது. சமையலறைத் தட்டை உள்ளே தள்ளி மூடிவிட்டு, மோட்டார் சுவிட்சைப் போட்டபடியே அலுவலகத்துக்குள் போய் காகிதங்களை நிரப்பினோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து பெட்டியில் காதை வைத்தேன். சத்தமில்லை. பணத்தைக் கட்டினேன். ரிப்பன் படமும் எடுத்தார்கள். அதில் முன்பெட்டிக் கதவின் ஓரத்தில் உரிக்க மறந்த ஒரு நீலத் துண்டு தெரிகிறது.

புதுச் சக்கர நட்டுகள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் உட்காரும். அதனால் 50 கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ஸ்பானரைத் திருப்பி, ஒவ்வொரு நட்டாகப் பிடித்தேன். வலப்பக்கம் ஆறும் உடனே 'கிளிக்' என்றன. இடப்பக்கத்தில் இரண்டு மட்டும் கால் சுற்று போய்த்தான் கிளிக் சொன்னன. காருக்குள்ளிருந்து மனைவி கண்ணாடியை இறக்கி, "எழுதிக்கொள்ளவா?" என்றாள்.